பாறையா, ஆனையா?
மலையோர விவசாயிக்கு ஏற்ற எடை குறைந்த முக்காலி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

போன இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று இப்படி இருந்தது: “எங்கள் விளை பேச்சிப்பாறைக்கு மேலே காட்டை ஒட்டி இருக்கிறது. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு பைனாகுலர் கொண்டுவந்து தந்தான். யானை, பன்றி வருகிறதா என்று எதிர்ச் சரிவைப் பார்க்கலாம் என்று நினைத்தால், கையில் பிடித்தவுடன் காட்சி ஆடுகிறது. ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கிறது. ஸ்டாண்ட் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். மலையேறித் தூக்கிப் போக வேண்டும், அதிக எடை ஆகாது. எதை வாங்கலாம்?”

இந்தக் கேள்விக்குப் பெட்டிச் செய்தி அளவில் பதில் சொன்னால் போதாது. எனக்கே ஒரு முறை இதில் பாடம் கிடைத்திருக்கிறது.

ஒரு ஐப்பசி மாத மாலை. மழை விட்டிருந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போக வேண்டும். விளைக்குக் கீழே ஓடைக்கு அந்தப் பக்கம், புல்லுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஆடிய காட்சியில் நனைந்த பாறை மாதிரிதான் இருந்தது. “பாறைதான் பாட்டா” என்று பக்கத்து விளைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் பைனாகுலரை வாங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை மடித்துக் கல்சுவரில் வைத்தார். அதன் மேல் பைனாகுலரை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தார். “மக்ளே, பாறைக்குச் செவி ஆடுமா? ஒத்தை ஆனை. நாளைக்கு ஒருத்தனும் அந்தப் பக்கம் இறங்காண்டாம்” என்றார்.

மறுநாள் காலை நாங்கள் ஏழு மணிக்குத்தான் இறங்கினோம். நான் வழக்கமாக விளக்கோடு நடக்கும் ஒற்றையடிப் பாதையிலேயே பிண்டம் கிடந்தது.

அன்று பைனாகுலரில் குறை ஒன்றும் இல்லை. அதை ஆடாமல் வைக்க என்னிடம் எதுவும் இல்லாததுதான் குறை. முக்காலி இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. விலங்கின் பக்கத்தில் போகாமல், தூரத்திலேயே இருந்து, அது என்ன என்று உறுதி செய்துகொள்ள முடிகிறது. வாங்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் மற்ற பெருமைகளில் குழம்ப மாட்டீர்கள்.

நம் பக்கத்தில் ஏன் அவசியம்

பேச்சிப்பாறை அணை 1906 இல் கட்டி முடிக்கப்பட்டது. கோதையாற்றுத் தண்ணீரைத் தேக்கி நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கொடுக்கும் அணை. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் அதற்கு மேலேயும் இருப்பது காடு. 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் இங்கே இருக்கிறது. 2022 ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்ட அகஸ்தியமலை யானைகள் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,197 சதுர கிலோமீட்டர். மோதிரமலை, குற்றியாறு, கோதையார், தச்சமலை என்று காணி மக்களின் குடியிருப்புகளும், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும், நம்மைப் போன்றவர்களின் துண்டு விளைகளும் இந்தக் காட்டோடு பின்னிக் கிடக்கின்றன. யானைக்கு வேலி எங்கே, எல்லை எங்கே என்று தெரியாது.

2023 இல் அரிக்கொம்பன் வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். கேரளத்துச் சின்னக்கானலில் ஏப்ரல் மாதம் பிடிபட்ட அந்தக் கொம்பன், பெரியாறு காட்டில் விடப்பட்டு, அங்கிருந்து கம்பம் நகருக்குள் வந்து, ஜூன் 5 அன்று தமிழக வனத்துறையிடம் பிடிபட்டது. பிறகு மேல் கோதையார் பகுதிக் காட்டில் விட்டார்கள். அப்போது நம் ஊர்களில் எவ்வளவு பயம்! ஆனால் அரிக்கொம்பன் கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. எங்கே நிற்கிறது என்று வனத்துறைக்குத் தெரியும். அதற்கு முன்பும் பின்பும் நம் விளைப் பக்கம் வந்துபோகிற யானைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவற்றை நம் கண்தான் பார்க்க வேண்டும்.

மலையோரத்தில் ஆபத்தான நேரம் இரண்டு. ஒன்று, அந்தி மங்கி வீடு திரும்பும் நேரம். இன்னொன்று, பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கும் நேரம். விளக்கு வெளிச்சத்தில் முன்னால் இருக்கும் மரம் மட்டும்தான் தெரியும். ஆகவே முந்தின நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே சரிவை முழுதாகப் பார்த்துவிட்டு, மறுநாள் எப்போது இறங்குவது, எந்தப் பாதையில் இறங்குவது, பிள்ளைகள் பஸ்ஸுக்கு எந்த வழியே போவது என்று முடிவு செய்வது உயிரைக் காக்கும் வேலை. கறை படிந்த ஐந்து ஏத்தன் குலை போனால் அடுத்த வருஷம் பார்க்கலாம். ஆள் போனால் என்ன செய்வது?

கை ஏன் ஆடுகிறது

பைனாகுலரில் 8×42, 10×42, 10×50 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 10 மடங்கு பைனாகுலரில் 500 மீட்டர் தூரத்தில் நிற்கும் பொருள், வெறும் கண்ணுக்கு 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். ஆனால் பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கும் அதே கண்ணாடி உங்கள் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். மூச்சு விடுவது, நாடித் துடிப்பு, மலையேறிய களைப்பு எல்லாம் காட்சியில் சேர்ந்துகொள்ளும்.

ஆடும் காட்சியில் பெரிய அசைவு தெரியும். சின்ன அசைவு தெரியாது. நடக்கும் யானையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். நிழலில் நின்றுகொண்டு செவியை மட்டும் ஆட்டும் யானையையும், ஈற்றைக் காட்டுக்குள் முதுகு மட்டும் தெரியும் காட்டுப்பன்றியையும் பார்க்க, காட்சி அசையாமல் இருக்க வேண்டும். முக்காலியில் வைத்த 8 மடங்கு, கையில் பிடித்த 12 மடங்கைவிட அதிகம் காட்டும். இதைத் தெரிந்துகொண்டால் பெரிய பைனாகுலருக்குச் செலவு செய்யவும் வேண்டாம்.

தூரத்தில் உட்கார்ந்து முக்காலியில் பைனாகுலர் வைத்து மலைச்சரிவைக் கட்டம் கட்டமாகத் தேடும் இந்த முறையை அமெரிக்க மேற்கு மலைகளில் மான் வேட்டைக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். எடை குறைந்த முக்காலிகள் பல அவர்களை மனதில் வைத்தே விற்கப்படுகின்றன. நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. வேட்டைக்காரன் பார்த்த பிறகு விலங்கை நோக்கி நடப்பான். நாம் பார்த்த பிறகு வீட்டை நோக்கி நடக்க வேண்டும். கருவி ஒன்றுதான், வேலை வேறு. 2024 இல் தமிழ்நாட்டில் வரையாடு கணக்கெடுப்பு நடந்தபோது களப்பணியாளர்களும் எதிர்ச் சரிவுகளைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் எண்ணினார்கள். 1,031 வரையாடுகள் என்று கணக்கு வந்தது.

முதலில் உங்கள் பைனாகுலரைப் பாருங்கள்

முக்காலி வாங்கப் போகுமுன் பைனாகுலரின் இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுத்தண்டின் முன் முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன மூடி இருக்கும். திருகினால் கழன்று வரும். உள்ளே மரை இருக்கும். 42, 50 மில்லிமீட்டர் பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. அந்த மரையில் ‘எல்’ வடிவ அடாப்டரைத் திருகி, அதன் அடிப்பகுதியை முக்காலியின் கால் அங்குலத் திருகாணியில் பொருத்த வேண்டும். முக்காலியோடு இந்த அடாப்டர் பெரும்பாலும் வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டாம், வளைந்து ஆடும். உலோகத்தில் வாங்குங்கள்.

சட்டைப்பையில் போடும் சின்ன பைனாகுலர்களில் மரை இருக்காது. அதற்கு முக்காலித் தலையில் ஒரு சிறு பலகையைப் பொருத்தி, ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். ரப்பர் டியூப் துண்டுக்கு நம் வீட்டில் பஞ்சமா?

எடை எவ்வளவு இருக்கலாம்

உங்கள் பைனாகுலர் 700 முதல் 900 கிராம் இருக்கும். அதைத் தாங்க இரும்புக் கோபுரம் வேண்டாம். 3 கிலோ தாங்கும் என்று எழுதிய நல்ல முக்காலி போதும். முக்காலியின் சொந்த எடை, தலையும் சேர்த்து, ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ; அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கும் கீழே போனால் இரண்டில் ஒன்று நடக்கும்: விலை மிக அதிகமாக இருக்கும், அல்லது காற்றில் நடுங்கும். எடை குறைவு என்பது தூக்குவதற்கு மட்டும் வசதியல்ல. யானை நம் பக்கம் திரும்பினால் ஒரு கையில் மடக்கி எடுத்துக்கொண்டு நகர முடிய வேண்டும். அது முடியவில்லை என்றால் முக்காலியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பொருளுக்காக யாரும் நிற்கக் கூடாது.

அலுமினியமா, கார்பனா: கார்பன் இழைக் கால்கள் எடை குறைவு, நடுக்கத்தையும் நன்றாக அடக்கும். விலை அலுமினியத்தைப் போலப் பல மடங்கு. பாறையில் பலமாக மோதினால் கார்பன் கீறலாம், உடையலாம். அலுமினியம் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். ஒரு மணி நேரத்துக்குள் நடந்துபோய்ப் பார்க்கும் சிறு விவசாயிக்கு அலுமினியமே போதும். மிச்சப் பணத்தை அடாப்டருக்கும் நல்ல தலைக்கும் செலவு செய்யுங்கள்.

கால் எத்தனை மடிப்பு: காலை நீட்டும் குழாய்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று வரும். மடிப்பு கூடக்கூட மடக்கினால் சிறிதாகும். ஆனால் கடைசிக் குழாய் பென்சில் போல மெலிந்துவிடும், ஆடும். மூன்று அல்லது நான்கு மடிப்பு நமக்குச் சரி. மடக்கினால் 45 முதல் 55 செ.மீ. இருந்தால் தோள்பையில் போய்விடும்.

உயரம்: இங்கேதான் பலர் தேவையில்லாமல் பணத்தையும் எடையையும் கூட்டுகிறார்கள். நின்று பார்க்க வேண்டுமானால் கண் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும். உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு தேவையில்லை. தரையில் சம்மணமிட்டால் கண் சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சுமார் 115 முதல் 120 செ.மீ. தலையும் அடாப்டரும் பத்துப் பதினைந்து செ.மீ. சேர்க்கும். ஆகவே நாற்காலியில் இருந்து பார்ப்பவருக்கு 110 செ.மீ. முக்காலி தாராளம். உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது. உடம்பு ஆடாது, அரை மணி நேரம் பொறுமையாகப் பார்க்கலாம். பெட்டியில் எழுதிய உயரம் நடுத்தண்டைத் தூக்கிய பிறகு வரும் உயரமாக இருக்கலாம். நடுத்தண்டைத் தூக்கினால் முக்காலி ஒற்றைக்காலி ஆகிவிடும். தண்டைத் தூக்காமலேயே உங்கள் உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டு: கால் குழாய்களை இறுக்க, தட்டி மூடும் கொக்கிப் பூட்டும், திருகிப் பூட்டுவதும் உண்டு. கொக்கிப் பூட்டு பூட்டியிருக்கிறதா என்று இருட்டிலும் தடவிப் பார்த்தே தெரியும். சேறு பட்டாலும் கழுவி விடலாம். திருகு பூட்டு செடிகொடியில் மாட்டாது, ஆனால் மண் புகுந்தால் கரகரக்கும். மழையும் செம்மண்ணுமாக இருக்கும் நம் பக்கத்துக்கு என் விருப்பம் கொக்கிப் பூட்டு.

தலை: பைனாகுலர் உட்காரும் பகுதிதான் தலை. பந்து போல எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட் எடை குறைவு. ஆனால் தளர்த்தியவுடன் பைனாகுலர் ஒரு பக்கமாகச் சரியும். கைப்பிடியோடு வரும் பேன் ஹெட்டில், மேல்கீழை நிறுத்திவிட்டு இடமிருந்து வலமாக மட்டும் மெல்லத் திருப்பலாம். சரிவைத் தேடுவதற்கு இதுதான் ஏற்றது. சிறிய பேன் ஹெட்டாகக் கேளுங்கள். பெரிய வீடியோத் தலை முக்காலியைவிட எடை கூடும்.

பாதம்: ரப்பர் பாதம் பாறைக்கும் சிமென்ட் தரைக்கும் நல்லது. ரப்பரைத் திருகினால் முள் வெளிவரும் வகை கிடைத்தால் ஈரமண் சரிவுக்கு உதவும். மூன்று கால்களையும் தனித்தனிக் கோணத்தில் விரிக்க முடிய வேண்டும். நம் விளையில் சமதரை ஏது?

கொக்கி: நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி இருந்தால் நல்லது. பையில் நாலைந்து கல்லைப் போட்டு அதில் தொங்கவிட்டால், ஒன்றேகால் கிலோ முக்காலி ஐந்து கிலோ முக்காலி போல நிற்கும். எடையை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம்; மலையில் கல் இலவசம். பை தரையை லேசாகத் தொடட்டும், இல்லாவிட்டால் காற்றில் ஊஞ்சலாடும்.

கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனை

1. உங்கள் பைனாகுலரைக் கையோடு கொண்டு போங்கள். அடாப்டரோடு பொருத்தி, தெருவுக்கு எதிரே உள்ள பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

2. முழு உயரத்தில் நிறுத்தி, தலையை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஆட்டம் ஒன்றிரண்டு விநாடியில் அடங்க வேண்டும். தொடர்ந்து நடுங்கினால் வேண்டாம்.

3. ஒவ்வொரு காலையும் பூட்டி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். குழாய் உள்ளே இறங்கினால் பூட்டு சரியில்லை.

4. பைனாகுலரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, தலையை இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மெல்ல இறங்கி வந்தால் அந்தத் தலை தாங்காது.

5. கண்ணை மூடிக்கொண்டு மடக்கிப் பாருங்கள். அந்தியில் வேலை செய்யப் போகிறவருக்கு இது முக்கியம். வீட்டில் இந்த வேலையைச் செய்யப்போவது மனைவியோ மகளோ என்றால் அவர்களையே கூட்டிப் போய் மடக்கச் சொல்லுங்கள்.

கடையில் எடைத்தராசு இருந்தால் தலையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். தலை இல்லாத எடையைப் பெட்டியில் போடுவதும் உண்டு.

காசில்லாமல் செய்யலாம்

முக்காலி வாங்க இப்போது வழியில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பழைய பேன்ட் காலை வெட்டி, இரு முனையும் தைத்து, முக்கால் பாகம் உமி நிரப்புங்கள். ஏறுமாடத்தின் கைப்பிடியிலோ கல்சுவரிலோ அதைப் போட்டு, நடுவில் பள்ளம் பறித்துப் பைனாகுலரை அழுத்தி வையுங்கள். பாதி முக்காலிக்குச் சமம். பெரியவர் துண்டால் செய்ததும் இதுதான்.

ஆள் உயர மூங்கில் கம்பு ஒன்றை ஊன்றி, அதன் தலையைப் பைனாகுலரோடு சேர்த்துப் பிடித்தாலும் மேல்கீழ் ஆட்டம் குறையும். கவைக்கம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று கமுகுக் கம்புகளை மேலே ஓர் அடி விட்டுக் கயிற்றால் தளர்வாகப் பின்னிக் கட்டி விரித்தால் நாட்டு முக்காலி தயார். தினமும் ஒரே இடத்தில் உட்காருகிறவர் அதை அங்கேயே விட்டுவிடலாம். சுமக்கும் வேலையே இல்லை.

எப்படிப் பார்ப்பது

இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். வீட்டு முற்றம், மொட்டை மாடி, ஏறுமாடம், பின்னால் திரும்பிப் போக வழி திறந்திருக்கும் மேடு: இவைதான் நல்ல இடங்கள். காட்டுக்குள் போக வேண்டாம். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு உட்காருங்கள். பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். காற்று உங்களிடமிருந்து காட்டை நோக்கி வீசினால் யானைக்கு உங்கள் வாசம் முன்பே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் வெறும் கண்ணால் சரிவு முழுவதையும் ஒரு முறை பாருங்கள். பிறகு பைனாகுலரில் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு காட்சி பார்த்து, பத்து விநாடி நிறுத்தி, அடுத்த காட்சிக்குத் திருப்புங்கள். ஒரு வரிசை முடிந்ததும் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபக்கம் திரும்பி வாருங்கள். வயலில் ஏர் ஓட்டுவது போலத்தான். முழு விலங்கைத் தேடாதீர்கள். ஆடும் செவி, வால், அசையும் ஈற்றைக் கொத்து, சாய்ந்த வாழை, கிளம்பிப் பறக்கும் கொக்கு: இப்படித் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஓடைக்கரை, நீர்த்தேக்கத்தின் ஓரம், பலா காய்த்திருக்கும் இடம் ஆகியவற்றை இரண்டு முறை பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி உங்கள் முதுகுப் பக்கமும் பாருங்கள். கண்ணாடியில் தூரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வருவதைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

ஏதாவது தெரிந்தால் முதலில் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். அடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் வனச்சரக அலுவலகத்தின் எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை, எந்தப் பக்கம் போனது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். முக்காலியில் வைத்த பைனாகுலரின் கண்பக்கத்தில் செல்போன் கேமராவை ஒட்டிப் பிடித்தால் படமும் எடுக்கலாம். பயிர் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது இந்தக் குறிப்பும் படமும் கைகொடுக்கும்.

யானையைத் தெளிவாகப் பார்த்துவிட்டோம் என்று கிட்டப் போய்ப் பார்க்க ஆசை வரும். இளவட்டங்களுக்கு நிச்சயம் வரும். ஓட்டத்தில் யானையை மனிதன் வெல்ல முடியாது, அதுவும் மேடுபள்ளத்தில். கூட்டம் சேர்த்துக் கத்துவதும், கல்லெறிவதும், வீடியோவுக்காக வெளிச்சம் அடிப்பதும் அதை ஊருக்குள் திருப்பிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

பன்றிக்குக் கண்ணி வைத்தாலும் வெடி வைத்தாலும் சட்டப்படி அது வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குத் தீங்கு செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 இல் புது முறை கொண்டுவந்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். விவசாயி தானே சுட எங்கும் அனுமதி இல்லை. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது யானையை மட்டுமல்ல, நம் பிள்ளைகளையும் கொல்லும். சூரிய மின்வேலி போடுவதற்கும் 2023 இல் வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

மழைக்காலப் பராமரிப்பு

ஈரமான காலை மடக்கி வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குழாய்களை முழுதாக நீட்டித் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மண்ணைப் பிடித்து இன்னும் இறுகும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தாலே போதும். பைனாகுலரின் கண்ணாடியில் நம் பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ரப்பர் பால் பட்ட கையால் கண்ணாடியைத் தொடவே கூடாது.

வாசகர் கேள்விகள்

செல்போன் ஸ்டாண்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது போதாதா?

200 கிராம் செல்போனைத் தாங்கும் பிளாஸ்டிக் தலை, 800 கிராம் பைனாகுலரைத் தாங்காது, முன்பக்கமாகக் குனிந்துவிடும். நடுத்தண்டில் கல் பை தொங்கவிட்டு, சின்ன பைனாகுலர் என்றால் சமாளிக்கலாம். கனமான பைனாகுலர் விழுந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்து, காட்சி இரண்டாகத் தெரியும்.

இரவில் பார்க்க முடியுமா?

சாதாரணப் பைனாகுலரால் இருட்டில் பார்க்க முடியாது. அந்தி வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் உதவும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 8×42 க்கு 5.25, 10×42 க்கு 4.2. இந்த எண் கூடினால் அந்தியில் வெளிச்சமாகத் தெரியும். ஆகவே நமக்கு 8×42 பொருத்தம். இரவில் சந்தேகம் வந்தால் வெளியே இறங்காமல் இருப்பதே வழி.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறேன். கழற்ற வேண்டுமா?

வேண்டாம். கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே திருகியோ மடித்தோ வைத்துவிட்டு, கண்ணாடியோடு பாருங்கள். முக்காலியில் இருக்கும்போது வளையத்தைக் கண்ணால் அழுத்தாமல் லேசாகத் தொட்டுப் பார்த்தால் காட்சி ஆடாது.

பைனாகுலர் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் திரிந்தால் கேள்வி வரும். உங்கள் விளையில் இருந்தே பாருங்கள்.

தனியாக வாங்க முடியாத சின்ன விளைக்காரர்கள் என்ன செய்வது?

மூன்று நாலு வீடு சேர்ந்து ஒரு பைனாகுலர், ஒரு முக்காலி வாங்குங்கள். நல்ல இடம் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே வைத்து, முறை போட்டு மாலை அரை மணி நேரம் பாருங்கள். பார்த்தவர் மற்ற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், ஒன்றும் தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டும். “இன்னைக்கு ஒண்ணும் இல்ல” என்ற சொல் வந்த பிறகுதான் மறுநாள் பால் வெட்ட இறங்குவது என்று வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைத்து அசட்டையாக நடக்கவும் கூடாது. இருட்டில் இறங்கும்போது இரண்டு பேராக, பேசிக்கொண்டே இறங்குங்கள்.

கடிதம் எழுதிய வாசகருக்குச் சுருக்கமாக: உலோக அடாப்டர், சிறிய பேன் ஹெட், கொக்கிப் பூட்டுள்ள மூன்று அல்லது நான்கு மடிப்பு அலுமினிய முக்காலி, மொத்த எடை ஒன்றரை கிலோவுக்குள், உயரம் உங்கள் நாற்காலிக்கு ஏற்றபடி. அதுவரை ஓர் உமிப்பையைத் தைத்து இன்று மாலையே சுவரில் வைத்துப் பாருங்கள். எதிர்ச் சரிவில் தினமும் இருக்கும் பாறைகள் எவை என்று ஒரு வாரத்தில் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். புதிதாக ஒரு பாறை தெரிந்தால், அன்று கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள்.